விலை சொல்ல உரிமையில்லாத வியாபாரிகள்

2025 செப்டம்பர் மாதத்தில் இரண்டு நிகழ்வுகள் அருகருகே நடந்தன. இணைய மேடைகள் வழியே வேலை செய்யும் கிக் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்கும் நலனுக்குமான சட்டத்தைக் கர்நாடக அரசு அரசிதழில் வெளியிட்டது. அதே மாதத்தில், வீட்டுச் சேவைகளுக்கான இணையச் சந்தை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அர்பன் கம்பெனி பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. 1,900 கோடி ரூபாய்க்கான அதன் பங்கு வெளியீட்டிற்கு நூறு மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. 103 ரூபாய்க்கு விற்ற பங்கு, பட்டியலிடப்பட்ட நாளன்றே 160 ரூபாயைத் தாண்டியது.

அந்த 1,900 கோடியில் நிறுவனத்தின் கைக்குப் போனது 472 கோடி மட்டுமே. மீதி 1,428 கோடி ரூபாய், தொடக்க காலத்தில் பணம் போட்டிருந்த முதலீட்டு நிதியங்கள் தம் பங்குகளை விற்று எடுத்துக்கொண்ட தொகையாகும். ஏ.சி. கழுவுகிறவர், குழாய் அடைப்பு எடுக்கிறவர், தோளில் பெரிய பையைச் சுமந்து வீடு வீடாகப் போய் முகத்துக்கு ஃபேஷியல் செய்கிற பெண் ஆகியோரின் உழைப்பின் மீது எழுப்பப்பட்ட மதிப்பு அது. அந்த உழைப்பாளிகள் எவரும் இந்நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர் என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. அவர்கள் ‘பார்ட்னர்கள்’, சந்தைக்கு வந்து தம் சேவையை விற்கும் சுதந்திரமான சிறு வியாபாரிகள் என்று சொல்லப்படுகிறது.

இந்தச் சொல்லைச் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது. ஏனெனில் பெங்களூருவில் இப்போது ‘15 நிமிடத்தில் வீட்டு வேலைக்கு ஆள்’ என்ற விளம்பரத்துடன் விரிவடைந்துவரும் புதிய அலை முழுவதும் இந்த ஒரு சொல்லின் மீதே நிற்கிறது. சந்தை என்றால் விற்பவர் விலை சொல்வார், வாங்குபவர் பேரம் பேசுவார். கே.ஆர். மார்க்கெட்டில் கீரை விற்கும் பெண்ணுக்கு உள்ள அந்த உரிமை, செயலியில் பெயர் பதிந்துள்ள பெண்ணுக்கு இருக்கிறதா?

வீட்டுச் சேவைகளுக்கான சந்தையைத் தொடங்கும் எண்ணம் பெங்களூருவுக்குப் புதிதன்று. தச்சர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரைப் பதிவு செய்து, அடையாள அட்டையும் காப்பீடும் தந்து, வேலை கொடுப்போருடன் இணைக்கும் முயற்சியாக லேபர்நெட் இந்நகரில் உருவாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. 2007இல் பாபாஜாப் வந்தது. சமையல்காரர், வீட்டுப் பணிப்பெண், ஓட்டுநர் ஆகியோரின் விவரங்களை இணையத்தில் ஏற்றி, வேலை தேடுபவரும் தருபவரும் நேரே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டது. அதை 2017இல் குவிக்கர் வாங்கிக்கொண்டது. 2015இல் தொடங்கப்பட்ட ஹவுஸ்ஜாயில் அதே ஆண்டின் இறுதியில் அமேசான் முதலீடு செய்தது. இந்த ஆண்டுகளில் இந்தியப் பெருநகரங்களில் இதே வகையில் முளைத்த பல நிறுவனங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூடப்பட்டன.

அவை மூழ்கியதற்கான காரணங்களுள் ஒன்று எளிமையானது. குழாய் ரிப்பேருக்கு ஒருவரை அழைக்கிறீர்கள். அவர் நன்றாக வேலை செய்கிறார். அடுத்த முறை தேவைப்படும்போது நேரே அவர் எண்ணுக்கே அழைக்கிறீர்கள். இடைத்தரகருக்கு அங்கே வேலை இல்லை. அதாவது சந்தை உண்மையிலேயே சந்தையாக இயங்கினால், உழைப்பாளியும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் அறிந்த மறுகணமே மூலதனத்தின் பங்கு முடிந்துபோகிறது. முதலீட்டாளர்களுக்கு இது பொறுக்க முடியாத நிலை.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, சந்தையைக் கைவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது. 2014இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கியபோது இந்நிறுவனம்கூட, வாடிக்கையாளரின் தேவையைத் தொழில் தெரிந்தவர்களிடம் சேர்த்து, அவர்களே விலை சொல்லும் முறையைத்தான் பின்பற்றியது. விரைவிலேயே அது மாறியது. விலையை நிறுவனம் நிர்ணயித்தது. பயிற்சி, சீருடை, எந்தக் கிரீமைப் பயன்படுத்த வேண்டும், அதை யாரிடம் வாங்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் வேலை முடிய வேண்டும், முடிந்தபின் எத்தனை நட்சத்திரம், நட்சத்திரம் குறைந்தால் என்ன தண்டனை என அனைத்தும் நிறுவனத்தின் கையில் வந்தன. வாடிக்கையாளரின் தொலைபேசி எண் உழைப்பாளிக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டது. பட்டறைச் சுவரை எடுத்துவிட்டுப் பட்டறையின் ஒழுங்குகளை மட்டும் கைப்பேசிக்குள் வைத்தால் கிடைப்பது இதுதான்.

வேடிக்கை என்னவெனில், இந்திய அரசே இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது, வேறோர் இடத்தில். 2017 ஆகஸ்டில் வெளியான ஜிஎஸ்டி அறிவிக்கையின்படி, பிளம்பிங், தச்சு வேலை போன்ற வீட்டுப் பராமரிப்புச் சேவைகள் மின்வணிக நிறுவனம் வழியாக அளிக்கப்படும்போது, வேலை செய்பவர் தனியே ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய அளவுக்கு வருவாய் உள்ளவராக இல்லையெனில், அந்நிறுவனமே சேவையை வழங்கியதாகக் கருதப்பட்டு அதனிடமிருந்தே வரி வசூலிக்கப்படும். வரி கேட்கும்போது சேவை தருபவர் நிறுவனம். கூலி, விடுமுறை, பி.எஃப். என்று கேட்டால் நிறுவனம் வெறும் தரகர். ஒரே அடைப்பெடுக்கும் வேலைக்கு, ஒரே நாட்டின் சட்டத்தில், இரண்டு முதலாளிகள். தொழிற்சங்க மேடைகளில் இதுவரை போதிய அளவு எடுத்துச் சொல்லப்படாத வாதம் இது.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் உபர் வழக்கில் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டது. கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், ஒப்பந்த விதிகளை யார் எழுதுகிறார்கள், மதிப்பெண் முறையால் யாரை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து, ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கும் உரிமையுள்ள தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் கட்டுப்பாடு செலுத்துவதாகத் தெரிந்தால் அங்கே வேலையளிப்பவர்–தொழிலாளர் உறவு இருப்பதாகவே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை கூறுகிறது. 2026 டிசம்பருக்குள் உறுப்பு நாடுகள் இதைச் சட்டமாக்க வேண்டும். இந்தியாவில் மோடி அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த தொகுப்புச் சட்டங்களோ நேரெதிர்த் திசையில் செல்கின்றன. கிக் தொழிலாளி என்பவரே ‘மரபான வேலையளிப்பவர்–தொழிலாளர் உறவுக்கு வெளியே’ உள்ளவர் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வரையறுக்கிறது. நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்ய வேண்டியதை வரையறையே முடித்துவைக்கிறது.

காகிதத்தில் உள்ள இந்த வரையறை, நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை அர்பன் கம்பெனித் தொழிலாளர்களின் போராட்ட வரலாறு காட்டுகிறது. 2021 அக்டோபரில் குருகிராம் அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பெண் தொழிலாளர்கள் திரண்டனர். உயர்ந்தபட்சத் தரகை 30 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைப்பதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. டிசம்பரில் புதிய நிபந்தனைகளை எதிர்த்து அவர்கள் மீண்டும் குளிரில் அமர்ந்தபோது, நிறுவனம் அப்பெண்களுக்கு எதிராக உரிமையியல் நீதிமன்றத்தை நாடியது. பங்காளிகள் மீது பங்காளி நிறுவனம் வழக்குத் தொடுத்த விந்தை அது. 2023 ஜூலையில் பெங்களூரு உள்ளிட்ட பல நகரங்களில் மீண்டும் போராட்டம் வெடித்தது. ரேட்டிங் 5க்கு 4.7க்குக் கீழே இறங்கினாலோ, ஒதுக்கப்படும் வேலைகளை ஏற்கும் விகிதம் குறைந்தாலோ ஐ.டி. பிளாக் செய்யப்படும் என்ற விதிகளே காரணம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் எந்தப் பள்ளியிலும் முதல் வகுப்பு. இங்கே அது வேலையிழப்பு. லிஃப்ட் வேலை செய்யாததால் ஆறு மாடி ஏறித் தாமதமாக வந்தவருக்கு, கட்டணம் அதிகம் என்று நிறுவனத்தின் மீது கோபப்பட்ட வாடிக்கையாளர் மூன்று நட்சத்திரம் போட்டால் அந்தக் கோபத்தின் விலையை ஏறி வந்தவரே கொடுக்கிறார். வேலைக்காகக் கடன் வாங்கி ஸ்கூட்டர் வாங்கியவருக்கு, ஒரு காலை வேளையில் செயலி திறக்க மறுப்பதே பணிநீக்க ஆணை. அதில் கையெழுத்திட்ட மேலாளர் என்று எவரும் இல்லை.

பெங்களூருவில் இப்போது நடப்பது இதன் அடுத்த கட்டம். அழகுக்கலையும் ஏ.சி. ரிப்பேரும் ஓரளவு பயிற்சி பெற்றவர்களின் தொழில்கள். பாத்திரம் தேய்ப்பது, வீடு பெருக்கித் துடைப்பது, துணி துவைப்பது ஆகியவை நாட்டின் மிகப் பெரிய, மிகக் குறைந்த கூலி பெறும் பெண் தொழிலாளர் கூட்டத்தின் பணி. 2025 மார்ச்சில் மும்பையில் ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்ற பெயரில் 15 நிமிடத்தில் பணிப்பெண்ணை அனுப்பும் திட்டத்தை அர்பன் கம்பெனி அறிவித்தது. பெயருக்குக் கண்டனம் எழுந்ததால் ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாற்றியது. பெயரைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. இன்று அத்திட்டம் பெங்களூருவிலும் இயங்குகிறது. ஸ்னாபிட், புரோன்டோ போன்ற நிறுவனங்களும் களத்தில் உள்ளன.

அறிமுக விலை மணிக்கு 49 ரூபாய். பணிப்பெண்ணுக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும் என்று நிறுவனம் கூறியது. இந்த இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 150 ரூபாய் கொடுத்து வாங்கியதை 49 ரூபாய்க்கு விற்கும் வியாபாரி தர்மம் செய்யவில்லை. வீட்டுக்காரர்களின் பழக்கத்தையும் தொழிலாளர்களின் பழக்கத்தையும் ஒருசேர மாற்றுவதற்கு அவர் பணம் செலவிடுகிறார். 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் நிறுவனம் 59 கோடி ரூபாய் இழப்பைக் காட்டியது. இந்தப் புதிய சேவையே அதற்கு முதன்மைக் காரணம். உபரும் ஓலாவும் தொடக்க ஆண்டுகளில் ஓட்டுநர்களுக்கு அள்ளிக் கொடுத்த ஊக்கத்தொகையை நம்பி வங்கிக் கடனில் கார் வாங்கியோர், பின்னர் ஊக்கத்தொகை வற்றியபோது தவணை கட்ட முடியாமல் திண்டாடியதைப் பெங்களூரு பார்த்திருக்கிறது. அந்தப் பாதையே இப்போது சமையலறைக்குள் போடப்படுகிறது.

இதனால் எது உடைகிறது என்பதை அறிய, இந்நகரில் வீட்டு வேலை செய்வோர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். அவர்களில் கணிசமானோர் தமிழ் பேசும் தலித் பெண்கள். ராணுவக் குடியிருப்பைச் சுற்றி வாழ்ந்த தலைமுறையினர், பின்னி ஆலையிலும் கட்டட வேலையிலும் உழைக்க வந்தோரின் பிள்ளைகள், 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் வாழ்வாதாரம் இழந்த கோலார் தங்கவயல் குடும்பத்தினர் என அவர்கள் பலதரப்பட்டவர்கள். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் அதிகாலை ரயில்கள் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து இன்றும் அந்த மக்களைப் பெங்களூருவுக்கு ஏற்றி வருகின்றன. கோரமங்களா என்றால் இன்று ஸ்டார்ட்அப் நிறுவனங்களின் பேட்டை என்றே நாடு அறியும். அதே கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில், நலிவுற்றோர் குடியிருப்பிலிருந்து 2013 ஜனவரியில் சுமார் 1,500 குடும்பங்கள் தெருவுக்குத் தள்ளப்பட்டன. நிலம் தனியார் கூட்டுத் திட்டத்திற்குத் தரப்பட்டது. பெரும்பாலும் தமிழ் பேசும் தலித்துகளும் முஸ்லிம்களும் வாழ்ந்த குடியிருப்பு அது. அங்கிருந்த பெண்கள் நடந்தே போய் வேலை செய்த வீடுகளுக்கு, வெகுதூரம் விலக்கப்பட்டபின் பேருந்தில் வர வேண்டியதாயிற்று. பெல்லந்தூர், வைட்ஃபீல்டு பகுதிகளில் வங்காள மொழி பேசும் புலம்பெயர் பெண்கள் இதே வேலையைச் செய்கின்றனர். 2020 ஜனவரியில் கரியம்மன அக்ரஹாரத்தில் ‘வங்கதேசத்தவர்’ என்ற பொய்க் குற்றச்சாட்டின் பேரில் அவர்களுடைய தகரக் கொட்டகைகள் இடிக்கப்பட்டன.

இந்தப் பெண்களுக்குச் சட்டம் எதுவும் துணை நின்றதில்லை. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004இலேயே நிர்ணயித்த மாநிலம் கர்நாடகம், இந்தியாவிலேயே முதலாவது. ஆனால் எந்த ஆய்வாளரும் எந்த வீட்டுக் கதவையும் தட்டியதில்லை என்பதால் அது அரசிதழிலேயே தங்கிவிட்டது. இருப்பினும் அவர்களிடம் எழுதப்படாத ஒரு தற்காப்பு இருந்தது. ஒரு குடியிருப்பின் பெண்கள் எதிரே உள்ள அடுக்குமாடியில் பாத்திரத்துக்கு இவ்வளவு, துடைப்பதற்கு இவ்வளவு என்று தமக்குள் ஒரு விலை வைத்திருப்பார்கள். ஒருத்தியை நிறுத்திய வீட்டில் அவள் கணக்கு தீராமல் இன்னொருத்தி நுழையமாட்டாள். ஊருக்குப் போனால் அக்காவோ நாத்தனாரோ அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வாள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு முன்பணம் என்பவை சட்டத்தால் அன்றி இந்த உறவாலும் இந்தக் கட்டுப்பாட்டாலும் கிடைத்தவை. தொழிற்சங்கம் என்று பெயரிடப்படாத தொழிற்சங்கம் அது. பெங்களூருவில் வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கங்கள் பின்னர் உருவானபோது அவற்றின் வேர் பிடித்த மண்ணும் இதுவே.

செயலி இந்த மண்ணைத்தான் தோண்டுகிறது. எந்த வீட்டுக்கு யார் போகிறார் என்பது போகிறவருக்கே கடைசி நிமிடத்தில்தான் தெரியும். நேற்று அந்த வீட்டில் வேலை பார்த்தவர் ஏன் வரவில்லை என்பது தெரியாது. மாத உறவு மணிக்கணக்காகச் சிதறும்போது போனஸும் முன்பணமும் விடுப்பும் ஓசையின்றி மறைகின்றன. செயலிக்கு வெளியே நின்று வேலை செய்யும் பெண்ணிடமும் வீட்டுக்காரர், ‘மணிக்கு 49 ரூபாய்க்கே ஆள் கிடைக்கிறதே’ என்று பேரம் பேசத் தொடங்குகிறார். செயலியில் ஒருபோதும் பெயர் பதியாத இலட்சக்கணக்கான பெண்களின் கூலியையும் அந்த விளம்பரப் பலகையே பிடித்து இழுக்கிறது.

ஆயினும், பழைய உறவைப் பொற்காலமாக்கிப் பேசுவது தவறு. தனி டம்ளர், பணியாளருக்குத் தனி லிஃப்ட், கழிவறையைப் பயன்படுத்தத் தடை, நகை காணாமல் போனால் முதலில் காவல் நிலையத்துக்கு இழுக்கப்படுவது என்ற அவமானங்களால் நிறைந்தது அது. சீருடை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் விழும் கூலி, நிறுவனம் அறிவித்துள்ள மருத்துவக் காப்பீடு, மாதம் 132 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது 20,000 ரூபாய் என்ற உறுதிமொழி ஆகியவை ஓர் இளம் பெண்ணை ஈர்ப்பதில் வியப்பேதும் இல்லை. ஜாதியின் பெயரால் சமையலறைக்குள் நுழைய விடாத வீட்டில், செயலி அனுப்பியவர் என்பதால் யாரும் ஜாதி கேட்கவில்லை என்று ஒரு பெண் மகிழ்ந்தால் அந்த மகிழ்ச்சி உண்மையானது. செயலிகளைப் புறக்கணியுங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லும் தொழிற்சங்கத்தை அவர் புறக்கணிப்பார், அதுவும் நியாயமாகவே. மதிப்பு, ஒழுங்கான கூலி, காப்பீடு என்று அவர் அங்கே தேடிச் சென்றவற்றை நிறுவனத்தின் கருணையிலிருந்து பிரித்துச் சட்ட உரிமையாக்குவது எப்படி என்பதே கேள்வி.

கர்நாடகச் சட்டம் இதற்குச் சில பிடிமானங்களைத் தருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளிக்கு வழங்கும் தொகையின் மீது 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்களிடம் நலநிதிக் கட்டணம் வசூலிக்கவும், தொழிலாளர் பிரதிநிதிகளைக் கொண்ட நலவாரியம் அமைக்கவும் அது வகை செய்கிறது. பணிநீக்கத்திற்கு எழுத்துமூலமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் தேவை. ரேட்டிங் உள்ளிட்ட தானியங்கி முறைகள் தொழிலாளியை எப்படி மதிப்பிடுகின்றன என்பதை அவருக்கு விளக்கியாக வேண்டும். 2023இல் ராஜஸ்தான் இயற்றிய முதலாவது சட்டத்தைவிட இவை முன்னேறியவை. 2023 ஜூலையில் ஐ.டி. பிளாக்குக்கு எதிராகத் தெருவில் நின்றவர்களின் கோரிக்கையை இதில் அடையாளம் காணலாம். காங்கிரஸ் அரசின் தாராளத்தால் வந்தவை அல்ல இவை, ஐ.டி. தொழில் அமைப்புகளின் எதிர்ப்பையும் மீறிச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கொடுத்த அழுத்தத்தால் வந்தவை.

ஆனால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, கூட்டுப்பேர உரிமை ஆகியவை பற்றி அச்சட்டம் மௌனமாக இருக்கிறது. தொழிலாளி என்ற தகுதியைக் கொடுக்காமல் நலனை மட்டும் கொடுக்கிறது. ஒன்றியச் சட்டத்தின் நிலை இன்னும் மோசம். நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம், அதுவும் தொழிலாளர்களுக்கு வழங்கிய தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். பயன்பெற வேண்டுமெனில், ஒரே நிறுவனத்துடன் மட்டும் வேலை செய்பவர் ஓராண்டில் குறைந்தது 90 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்று 2025 டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகள் கூறின. எண்பதாவது நாளில் ஐ.டி. பிளாக் ஆனால் என்ன செய்வது என்பதற்கு அவ்விதிகளில் விடை இல்லை.

வீட்டுச் சேவையில் மற்றெல்லாத் துறைகளையும்விடக் கூர்மையான ஒரு சிக்கல் உண்டு. தொழிலாளி தனியாக, மூடிய கதவுக்குப் பின்னால், அறிமுகமற்றவரின் வீட்டில் இருக்கிறார். மசாஜ், அழகுக்கலை, வீட்டு வேலை எல்லாவற்றிலும் பெண்களே மிகுதி. அங்கே அவருக்குத் தீங்கு நேர்ந்தால் புகாரை யார் விசாரிப்பது? 2024 செப்டம்பர் 30 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பயணியான பெண் ஒருவரின் வழக்கில், ஓட்டுநர் சுயேச்சையான ஒப்பந்ததாரர் என்ற ஓலா நிறுவனத்தின் வாதத்தை நிராகரித்து, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி நிறுவனமே விசாரித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார். சில நாட்களிலேயே அமர்வு அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. அது நிலைத்திருந்தால், வாடிக்கையாளர் வீட்டில் துன்புறுத்தப்படும் செயலிப் பணிப்பெண்ணுக்கும் ஒரு கதவு திறந்திருக்கக்கூடும். வேலை நடக்கும்போதே பாதுகாப்பில்லை என்று உணர்ந்து வெளியேறும் பெண்ணுக்கு அந்த வேலையை ரத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ரேட்டிங் குறையக் கூடாது என்ற ஒரு கோரிக்கையை மட்டும் தனியாக எடுத்தாலே அது ஒரு நகரத்தின் பெண் தொழிலாளர்களைத் திரட்டப் போதுமானது.

கூட்டுறவு வழியில் மாற்றுச் சந்தையை ஏன் தொடங்கக் கூடாது என்ற கேள்வி தோழர்களிடமிருந்தே எழுகிறது. தொடங்கலாம், தொடங்கியும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் வீடு துப்புரவு செய்யும் பெண்களின் கூட்டுறவுகள் இணைந்து 2017இல் அப் அண்ட் கோ என்ற செயலியை உருவாக்கின. கட்டணத்தில் 95 சதவீதம் வேலை செய்தவருக்கே போகிறது, 5 சதவீதம் செயலியின் பராமரிப்புக்கு. அகமதாபாத்தில் சேவா அமைப்பின் துப்புரவுப் பெண்கள் 1986இலேயே சௌந்தர்யா கூட்டுறவை அமைத்தனர். கேரளத்தில் குடும்பஸ்ரீ முதியோர் பராமரிப்புக்கும் வீட்டுப் பணிகளுக்கும் பெண்களைப் பயிற்றுவித்து அனுப்புகிறது. அங்கே உள்ளாட்சி அமைப்பின் பின்பலம் உண்டு என்பதே வேறுபாடு.

பெங்களூருவின் அனுபவம் எச்சரிக்கையும் தருகிறது. 2022இல் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஒத்துழைப்புடன் வந்த நம்ம யாத்ரி, தரகை ஒழித்து நாளொன்றுக்கு 25 ரூபாய்ச் சந்தா என்ற முறையைக் கொண்டுவந்தது. ஓலாவும் உபரும் தம் முறையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இது சிறிய வெற்றியன்று. ஆனால் செயலியை உருவாக்கியது ஜஸ்பே என்ற தனியார் நிறுவனம். 2024இல் நம்ம யாத்ரியில் கூகுள் உள்ளிட்டோர் முதலீடு செய்தனர். தரகு இல்லை என்பதும் தொழிலாளர்களின் உடைமை என்பதும் ஒன்றல்ல. மேலும் 150 ரூபாய்க்கு வாங்கி 49 ரூபாய்க்கு விற்கும் மூலதனத்துடன் ஒரு கூட்டுறவு விலையில் போட்டியிடவே முடியாது. நலநிதிக் கட்டணத்தின் ஒரு பகுதியைத் தொழிலாளர் கூட்டுறவுகளின் மென்பொருளுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குதல், மாநகராட்சியும் அரசுக் குடியிருப்புகளும் தம் பராமரிப்புப் பணிகளை முதலில் அக்கூட்டுறவுகளுக்கே தருதல், அடக்க விலைக்கும் கீழே விற்பதைத் தடை செய்தல் ஆகிய கோரிக்கைகளோடு சேர்ந்தே கூட்டுறவு பேசப்பட வேண்டும். அவை இல்லாத கூட்டுறவு, நல்லெண்ணம் கொண்ட சிலரின் களைப்பில் முடியும்.

2025 டிசம்பர் 31 அன்று உணவு, மளிகை விநியோகத் தொழிலாளர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். ஜனவரியில் ‘10 நிமிட’ விளம்பரத்தைக் கைவிடுமாறு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சரே நிறுவனங்களிடம் பேச நேர்ந்தது. பிளிங்கிட் அந்த வாசகத்தை எடுத்தது. சாலையில் பைக் ஓட்டுபவருக்கு 10 நிமிடம் ஆபத்து என்றால், முந்தைய வீட்டில் தரை துடைத்து முடித்த கையோடு அடுத்த அடுக்குமாடிக்கு ஓடும் பெண்ணுக்கு 15 நிமிடம் எப்படிப் பொருந்தும் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய பொறுப்பு சங்கங்களுக்கு உண்டு.

பெங்களூருவில் உள்ள தமிழ் பேசும் உறுப்பினர்களுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. ஸ்ரீராமபுரம், அல்சூர், ஈஜிபுரா பகுதிக் கிளைகளின் குடும்பங்களிலேயே இத்தொழிலாளர்கள் உள்ளனர். செயலியின் ஒப்பந்தம் எந்த மொழியில் கைப்பேசியில் வந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தம் வீட்டுப் பெண்களிடமே முதலில் கேட்கலாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழிலும், வங்காளம் படிப்பவருக்கு வங்காளத்திலும், கன்னடத் தோழிக்குக் கன்னடத்திலும் அது வேண்டும் என்று நலவாரியத்திடம் ஒரே மனுவாக, மூன்று மொழியினரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது மொழியின் பெயரால் இந்நகரில் உழைப்பாளிகளைப் பிரிப்போருக்கும் பதிலாக அமையும். வாரியத்தில் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாகியுள்ளதா என்று சரிபார்ப்பது, ஐ.டி. பிளாக் ஆகும் ஒவ்வொருவருக்கும் 14 நாள் முன்னறிவிப்பு தரப்பட்டதா என்று குறித்துவைப்பது, தரப்படாத வழக்குகளைத் தொகுத்துத் தொழிலாளர் துறையின் முன் வைப்பது ஆகியவை உடனே செய்யக்கூடியவை.

ஆலை வாயில் இல்லாத தொழிலில் எங்கே கூட்டம் போடுவது என்ற தயக்கம் அமைப்பாளர்களிடம் உள்ளது. பெரிய அடுக்குமாடிகளின் காம்பவுண்டுச் சுவரோரம், அருகிலுள்ள டீக்கடை, மரத்தடி, நிறுவனமே ஏற்பாடு செய்த சிறு அறை என இரண்டு அழைப்புகளுக்கு இடையே இந்தப் பெண்கள் காத்திருக்கும் இடங்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. காலை அவசரம் ஓய்ந்தபின், மாலை வேலை தொடங்குமுன் உள்ள நேரத்தில் அவர்கள் டிஃபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருப்பார்கள். மாலைக் கூட்டத்துக்கு அவர்களால் வர இயலாது. அந்நேரம் அவர்கள் இன்னொருவர் வீட்டில் இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். கிளைகள் தம் பணி நேரத்தைப் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையே மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.